ஒரு வாளி மண்

கடலைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போன அன்று என் வீட்டுக்காரர் கடலைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்த்தார். மாட்டுவண்டியிலிருந்து இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நாலு எட்டு நடந்தார். குனிந்து ஒரு பிடி அள்ளி, விரல் இடுக்கு வழியாக ஒழுக விட்டார். "எம்புட்டு மண்ணு!" என்றார். மூன்று மாதமாகக் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன் தானாகப் பேசிய முதல் பேச்சு அது. எனக்குச் சுள்ளென்று வந்தது. மூன்று பஸ் மாறி, கடைசி மூன்று மைல் வண்டியில் எலும்பெல்லாம் கழன்று வந்து சேர்ந்தது மண்ணைப் பார்க்கவா? எங்கள் ஊரில் இல்லாத மண்ணா?

அறுபதுகளின் தொடக்கம் அது. ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுக்கு. நிலம் இருந்தது, மழைதான் இல்லை. பருத்தி போட்டால் பாதி தேறும், கம்பு போட்டால் அதிலும் பாதி. வீட்டுக்கு ஓர் ஆள் பட்டாசுக் கம்பெனிக்குப் போகத் தொடங்கியிருந்த காலம். எங்கள் வீட்டில் இவர் போனார்.

திரி காய வைக்கும் களத்தில் இவருக்கு வேலை. வெடிக்குள்ளே நெருப்பைக் கொண்டு போகிற நூல்தான் திரி. அதை மருந்துக் கரைசலில் முக்கி, மரச்சட்டங்களில் சுற்றி, வெயிலில் வரிசையாக நிறுத்திக் காய வைப்பார்கள். களத்தில் பத்து எட்டுக்கு ஒரு சிவப்பு வாளி இருக்கும், நிறைய மண்ணோடு. ஆற்று மண், சலித்த மண். அதில் ஈரம் இருக்கக்கூடாது, கல் இருக்கக்கூடாது. திங்கட்கிழமைதோறும் அந்த வாளிகளைக் கொட்டிச் சலித்து மறுபடி நிரப்புவதும் இவர் பொறுப்புதான். தீ என்று கண்டால் யோசிக்காதே, கத்தாதே, மண்ணை வீசு. புதிதாக வருகிற ஆளுக்குப் போர்மேன் சொல்லித் தரும் முதல் பாடமே அதுதான். அந்தப் பாடத்தை இவரே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

அந்த வருஷம் தை மாதம் ஒரு மத்தியானம் களத்தில் ஒரு சட்டம் பற்றிக்கொண்டது. எப்படிப் பற்றியது என்று யாருக்கும் தெரியாது, வெயில் என்று எழுதிக்கொண்டார்கள். கூட வேலை பார்த்தவர் ஒருவர், எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர், இவருக்கு மாப்பிள்ளை முறை. அவர் அடுத்த சட்டத்தை இழுத்துத் தள்ளி வைக்கப் பாய்ந்தார். வேட்டியில் தீ ஏறிவிட்டது. இவர் மூன்று எட்டு தள்ளி நின்றார். வாளியைத் தூக்கினார். வீசவில்லை. தூக்கிய வாளியோடு அப்படியே நின்றார். திரி சுற்றுகிற ஒரு பெண் ஓடி வந்து இவர் கையிலிருந்து வாளியைப் பிடுங்கி வீசினாள். மாப்பிள்ளை பிழைத்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் வெந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்தவர் படுத்தார். ஒரு வாரம், ஒரு மாதம் என்று அது நீண்டது. அடுப்பங்கரைப் பக்கம் வருவதில்லை. நான் தீக்குச்சி உரசினால் எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவார். கடைசியில் நான் அடுப்பைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றிக்கொண்டேன். தெருவில் பேச்சுக்குப் பஞ்சமா? "வாளியைக் கையில வச்சுக்கிட்டு வேடிக்கை பாத்தவுக" என்று என் காதுபடவே சொன்னார்கள். நான் சும்மா விடவில்லை. "உங்க வீட்டு ஆம்பளைய அங்கன நிறுத்திப் பாருங்க, தெரியும்" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வீட்டுக்குள் வந்தால், அந்தப் பேச்சு பொய்யில்லை என்று எனக்கே தெரியும். அதுதான் இன்னும் கோபம்.

மாப்பிள்ளை வீட்டுக்கு நான் மட்டும் போய் வந்துகொண்டிருந்தேன், கஞ்சியோ ரசமோ எடுத்துக்கொண்டு. அவர் ஒரு நாளும் இவரைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நாலு வீடு தூரம், இவர் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.

பங்குனியில் போர்மேன் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர். "ஆனி பொறந்தா தீவாளி சீசன் சூடு பிடிச்சிரும். அதுக்குள்ள வாங்க. அதுக்கு மேல இடத்தைப் பிடிச்சு வைக்க என்னால முடியாது" என்றார். அவர் போன பிறகு நான் இவரிடம் நேராகக் கேட்டேன், "போவீகளா மாட்டீகளா? ஒண்ணு சொல்லுங்க." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "திரும்ப ஒண்ணு ஆச்சுன்னா என் கை அசையுமா அசையாதான்னு எனக்குத் தெரியலை. அது தெரியாம நான் உள்ள போக மாட்டேன். இன்னொருத்தன் காலைப் பாத்துக்கிட்டு நிக்க மாட்டேன்."

அதை எப்படித் தெரிந்துகொள்வது? தீப்பிடித்தால்தானே தெரியும்.

மாதம் ஒரு தடவை கருவாட்டு மூட்டையோடு எங்கள் பக்கம் வருகிற அக்கா ஒருத்தி உண்டு. வைப்பாறு கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம் அவளுக்கு. வேதக்கார ஜனம், மாதாவைக் கும்பிடுகிறவர்கள். மூட்டையை எங்கள் வீட்டில்தான் இறக்கி வைப்பாள். இவர் கிடக்கிற கிடையைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இங்கன வச்சுக்கிட்டு என்ன செய்யப் போற? எங்க ஊருக்குக் கூட்டியா. கடக்காத்து பட்டா சோறு எறங்கும், தூக்கம் வரும்" என்றாள். எனக்குக் காற்றில் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தத் தெருவில் இன்னும் ஒரு வாரம் இருந்தால் நான் யார் மண்டையையாவது உடைத்துவிடுவேன் என்று தோன்றியது. சித்திரையில் கிளம்பினோம். சாத்தூர், எட்டயபுரம், விளாத்திகுளம்.

அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வீடு இருக்கும், ஓலைக்கூரை. ஒரு சின்னக் கோவில், அதில் ஒரு மணி. வீடுகளுக்குப் பின்னால் பனை, முன்னால் கடல். மற்றபடி ஒன்றும் கிடையாது, நடப்பதும் கிடையாது. விடியுமுன் போன வள்ளங்கள் வெயில் ஏறியதும் திரும்பும். மீனைப் பிரித்தால் அன்றைய வேலை முடிந்தது. அப்புறம் ஆண்கள் வள்ளத்தின் நிழலில் படுத்துத் தூங்குவார்கள். தூக்கம் வராதவன் வலையை மடியில் போட்டுக்கொண்டு பொத்தலைப் பார்த்துக்கொண்டிருப்பான். எங்கள் ஊரில் கம்பெனிச் சங்குக்கு எழுந்து, சங்குக்குச் சாப்பிட்டு, சங்குக்கு வீடு திரும்பிப் பழகியவள் நான். முதல் இரண்டு நாள் எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. என்ன ஜனங்கள் இது, இந்த நேரத்துக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் குரோஸுக்கு நூற்று நாற்பத்து நாலாக ஐந்து குரோஸ் திரி அடுக்கியிருப்பார்களே என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். மூன்றாம் நாள் மத்தியானம் நானும் படுத்துத் தூங்கிவிட்டேன். எழுந்தபோது வெட்கமாக இருந்தது. நாலாம் நாள் அந்த வெட்கமும் போய்விட்டது.

இவருக்குச் சோறு இறங்கியது, அது உண்மை. தினமும் காலையில் கரையோரம் போய் உட்காருவார். கடலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து மண்ணை அள்ளி அள்ளி விடுவார். "நைசு மண்ணு. சலிக்கவே வேண்டாம்" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். அக்காவின் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பீடி பற்ற வைத்தால் இவர் எழுந்து வேறு இடம் போவார். அந்த மனுஷர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "அண்ணாச்சிக்குப் புகை ஆகாது போல" என்று என்னிடம் சொன்னார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

போய்ப் பத்து நாள் இருக்கும். அக்காவின் வீட்டுக்காரர் தன் வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார். மூன்று கல் கூட்டி ஒரு பெரிய அண்டாவில் சுறா எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அதில் குங்கிலியத்தைப் பொடித்துப் போட்டுக் காய்ச்சி, சூட்டோடு பலகையில் பூசுவார்கள். அப்படிப் பூசினால்தான் வள்ளத்தில் தண்ணீர் ஏறாது, புழு அரிக்காது. பூசாத வள்ளத்தைக் கடலில் இறக்க மாட்டார்கள். அந்த எண்ணெயைச் சேர்ப்பது லேசில்லை, பிடிக்கிற சுறாவின் ஈரலை அவ்வப்போது உருக்கி உருக்கி மாதக்கணக்கில் சேர்த்து வைப்பது. நாற்றத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இவர் தூரத்தில் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நானும் அக்காவும் மீன் கீறிக்கொண்டிருந்தோம்.

எண்ணெய் பொங்கி வழிந்தது. வழிந்தது தீயில் விழ, தீ மேலே ஏறி அண்டா முழுக்கப் பற்றிக்கொண்டது. ஓர் ஆள் உயரத்துக்கு எரிந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது புதிது இல்லை. அதற்கென்றே ஒரு சாக்கைக் கடல் தண்ணீரில் நனைத்துப் போட்டிருப்பார்கள். அதை எடுத்து அண்டா வாயை மூடினால் தீ அடங்கிவிடும், எண்ணெய்க்கு ஒன்றும் ஆகாது. அக்காவின் வீட்டுக்காரர் சாக்கை எடுக்க நடந்துதான் போனார். தீக்குக்கூட அவசரப்படாத ஊர் அது.

"தள்ளு! தள்ளு! தள்ளு!"

அது இவர் குரல் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. நிமிர்ந்து பார்த்தால் இவர் ஓடி வருகிறார். வள்ளத்தில் தண்ணீர் இறைக்கிற பழைய வாளி ஒன்று கிடந்தது. அதைப் பறித்து, ஓடுகிற ஓட்டத்திலேயே மண்ணை வாரி, ஒரே வீச்சு. இரண்டாவது வாளி. குறுக்கே சாக்கோடு வந்த அக்காவின் வீட்டுக்காரரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார், அவர் மல்லாக்க விழுந்தார். மூன்றாவது வாளி. தீ அணைந்தது. மூன்று வீச்சில் ஒன்றுகூட அண்டாவைத் தவறவில்லை.

அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தோம். மணல் கூழ்.

 அக்காவின் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து கத்தினார். "ஏலே பாவி! ஏலே, உனக்குக் கிறுக்கா? ஆறு மாசத்து எண்ணெய் போச்சேலே! எவனாவது எண்ணெய்ல மண்ணை அள்ளிப் போடுவானா? சாக்கு கையில இருக்குல்லா!" அண்ணாச்சி எல்லாம் எங்கோ பறந்துவிட்டது. எண்ணெய் பூச வந்திருந்த மற்ற மூன்று பேரும் சூழ்ந்துகொண்டார்கள். இவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. காலி வாளி ஒரு கையில். இன்னொரு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அடுத்தவர் எண்ணெய் பாழாய்ப் போயிருக்கிறது, வள்ளம் கடலில் இறங்க இன்னும் எத்தனை நாளோ, நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து சிரிக்கிறேன். "தங்கச்சி, உனக்கும் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று அக்கா என் தோளைக் குலுக்கினாள். அப்புறம்தான் தெரிந்தது, நான் அழுதுகொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. என் கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை, சொல்வதற்கென்ன.

அக்காவுக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியும். தன் வீட்டுக்காரரை வள்ளத்துக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். அவர் திரும்பி வந்து, இவர் எதிரே உட்கார்ந்து, ஒரு பீடியைப் பற்ற வைத்தார். இவர் எழுந்திருக்கவில்லை.

"அப்ப கை நல்லா இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு" என்றார் இவர்.

"நல்லா இருந்தா நீரே கிண்டும்வே" என்று அகப்பையை எடுத்து நீட்டினார்.

வீட்டுக்கு வீடு கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் கொடுத்தார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள், ஆனாலும் இல்லை என்று ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. அது போதாமல் புதிதாக ஈரல் உருக்க வேண்டியிருந்தது. ஐந்து நாள் இவர்தான் அந்த அண்டாவுக்கு முன்னால் நின்றார். முதல் நாள் அகப்பை எட்டுகிற தூரத்தில், முகத்தைத் திருப்பிக்கொண்டு. இரண்டாம் நாள் கொஞ்சம் கிட்டே. நான்காம் நாள் எண்ணெய் மறுபடி பற்றியது. கரையில் இருந்த அத்தனை பேரும் "மண்ணு வேண்டாம்! மண்ணு வேண்டாம்!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். இவர் சாக்கை எடுத்து மூடினார். "கரை பூரா மண்ணாக் கெடக்கு. உம்மளை எங்கன கட்டிப் போட்டு வைக்கன்னு பயந்துபோனேன்வே" என்றார் அக்காவின் வீட்டுக்காரர். இவர் சிரித்தார். ஐந்தாம் நாள் வள்ளத்துக்குப் பூசி முடித்தார்கள்.

எனக்கு அன்று வேறு ஒரு யோசனை வந்தது. இவர் நல்லபடியாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் கூட்டி வந்தேன். நல்லபடியாகிவிட்டால் எங்கே போவார்? கம்பெனிக்குத்தானே. அந்தக் களத்துக்குத்தானே. இது எனக்குப் புறப்படும்போது தோன்றவே இல்லை.  பேசாமல் இங்கேயே இருந்துவிடலாம், அக்காவோடு சேர்ந்து கருவாடு விற்கலாம் என்று இவரிடம் சொல்லியும் பார்த்தேன். "உனக்கு இந்த நாத்தம் ஒரு மாசம் தாங்குமா?" என்று கேட்டார். தாங்காது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். ஊர் எல்லை வந்ததும், "இறங்கினதும் நேரா மாப்பிள்ளை வீட்டுக்குப் போவோம்" என்றார். சரி என்றேன். 

மாப்பிள்ளை கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். கட்டு அவிழ்த்தாயிற்று, தோல் இளஞ்சிவப்பாகச் சுருங்கிக் கிடந்தது. இவரைப் பார்த்ததும், "வாலே" என்றார், அவ்வளவுதான். இவர் தரையில் உட்கார்ந்தார். நான் வாசற்படியில் நின்றேன். நான்கு மாதத்தில் முதல் தடவை. இரண்டு பேரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இவர் எண்ணெய்க் கதையைச் சொன்னார். தானாகவே சொன்னார், ஒன்றையும் விடாமல். நடந்து போன மனுஷரை மல்லாக்கத் தள்ளியது, மணல் கூழ், ஏலே பாவி, மண்ணு வேண்டாம் என்று ஊரே கத்தியது. மாப்பிள்ளை முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார். மணல் கூழ் வந்ததும் சிரித்துவிட்டார். கட்டில் ஆடுகிற மாதிரி சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். சிரித்து முடித்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்:

"அந்த மண்ணை அன்னைக்கு எனக்குப் போட்டிருக்கலாம்லாலே."

இவர் தலையைக் குனியவில்லை. "போட்டிருக்கணும்" என்றார். "வாளி கையில இருந்துச்சு."

"பாத்தேன்" என்றார் மாப்பிள்ளை.

அவர் எரிந்துகொண்டிருந்தபோது இவரைப் பார்த்திருக்கிறார். நான்கு மாதமாக நான் கொண்டுபோன கஞ்சியைக் குடித்துக்கொண்டு, அதை ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறார். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை காலை மெல்ல மடக்கி, மறுபடி நீட்டினார். "திங்கக்கிளமை போறியா?" என்று கேட்டார்.

"போறேன்."

"போனா மொதல்ல வாளியெல்லாம் கொட்டிச் சலி. நீ இல்லாம இந்த நாலு மாசமா எவனும் சலிச்சிருக்க மாட்டான்."

திங்கட்கிழமை காலையில் கம்பு மாவு சலிக்கலாம் என்று பார்த்தால், என் சல்லடையைக் காணவில்லை.